புதுப்பிப்பு: அவவுக்குச் சொல்லாமல் கூட்டிக்கொண்டு போன சனிக்கிழமை

"மனிசிக்குச் சொல்லாமல் அவவைக் கொழும்புக்குள்ள ஒருநாள் எங்க கூட்டிக்கொண்டு போகலாம்?" எண்டு போன கிழமை கேட்டிருந்தன். போயிட்டு வந்தாச்சு.

வெள்ளவத்தையில கோட்டைக்கு ரெயின் எடுத்தம். கதவடியில நிண்டா கடல் கைக்கெட்டுற தூரம். "எங்கயப்பா கூட்டிக்கொண்டு போறீர், யாழ்ப்பாணத்துக்கோ?" எண்டு சந்தேகமாப் பார்த்தா.

இறங்கி நேர புறக்கோட்டை. 1909இல கட்டி முடிச்ச சிவப்புப் பள்ளிவாசலை, அந்த மாதுளம்பழக் குமிழ்களை, அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிண்டவவின்ர குதிக்காலில ஒரு கைவண்டி இடிச்சுது. காலுக்கு ஒண்டுமில்லை, புதுச் செருப்பு வார்தான் அறுந்துபோச்சு. நடைபாதையில ஒரு நீல ரப்பர் செருப்பு வாங்கிக் குடுத்தன். சாறிக்குப் பொருந்தேல்லைத்தான்.

உங்களில கனபேர் தாமரைக் கோபுரம் எண்டியள். மழை இருட்டு, மேல ஏறியும் ஒண்டும் தெரியாது எண்டு விட்டிட்டம். காலிமுகத்திடலில இறால் வடை, உறைப்பில ரெண்டுபேருக்கும் கண்ணால தண்ணி. பிறகு தூறல். ஒரே குடை. (காலிமுகத்திடலில சோடியள் ஒளிஞ்சிருக்கிற குடையளைப் பற்றிக் கொழும்பாருக்கு நான் விளக்கத் தேவையில்லை.)

புதுச் செருப்பு வேண்டித் தாறன் எண்டாலும் வேண்டாமாம். அந்த நீலச் செருப்போடதான் இப்ப வேலைக்கும் போறா.