முதல் மழைக்கு அப்புறம் கொழுத்த குட்டிகளாகப் பார்த்துச் சாகின்றன, என்ன செய்யலாம்?

கரிசல்காட்டான்:
வணக்கம். சாத்தூர் பக்கம் அப்பாவும் நானும் பத்துப் பன்னிரண்டு கன்னி இன வெள்ளாடு வைத்திருக்கிறோம். போன ஐப்பசி மழையில் காடெல்லாம் இளம்புல் கிளம்பிய வாரம், மந்தையிலேயே நன்றாகத் தேறிய கிடாக்குட்டி சாயங்காலம் வரை மேய்ந்தது. விடியற்காலையில் பட்டியில் காலை உதைத்துக்கொண்டு, தலை பின்னால் வளைந்து கிடந்தது. டாக்டருக்குப் போன் போடுவதற்குள் போய்விட்டது. அடுத்து, இரட்டைக் குட்டியில் பெரியது. நோஞ்சான் குட்டிகளுக்கு ஒன்றுமில்லை. அம்மா கண்ணேறு என்கிறார். இந்த வருஷம் மழைக்கு முன்னால் என்ன செய்யணும்?

மேய்ப்பன்:
தம்பி, நீங்கள் சொல்வதைப் பார்த்தால் துள்ளுமாரி. கிருமி குடலில் எப்போதும் கொஞ்சம் இருப்பதுதான். இளம்புல்லோ தானியமோ திடீரென்று நிறைய உள்ளே போனால் பெருகி நஞ்சாகிவிடும். அதனால்தான் வயிறு முட்டத் தின்கிற குட்டி முதலில் போகிறது. வந்தபின் வைத்தியம் பார்க்க நேரம் கிடைக்காது. புரட்டாசிக்குள் தடுப்பூசி போட்டுவிடுங்கள். முதல்முறை போடும் குட்டிக்குச் சில வாரம் கழித்து இரண்டாவது ஊசியும் வேண்டும், பலர் அதை விட்டுவிடுகிறார்கள். ஆட்டுக்கொல்லிக்குப் போட்டாச்சு என்று இருந்துவிடாதீர்கள், அது வேறு நோய், வேறு ஊசி. இனி ஒன்று செத்தால் புதைக்காமல் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள், அறுத்துப் பார்த்து உறுதி செய்வார்கள்.

செவலைக்கிடா:
அண்ணா சொன்னதோடு மேய்ச்சலையும் பாருங்க. மழைக்காலத்தில் நாங்கள் பட்டியிலேயே கடலைக்கொடி, சோளத்தட்டை போட்டு அரை வயிறு நிறைத்து, பனி காய்ந்த பிறகுதான் அவிழ்த்து விடுவோம். ஈரப்புல் நுனியில் குடற்புழுவின் குஞ்சு ஏறி நிற்கும், மேய்ந்தால் வயிற்றுக்குள் போய்விடும். வாரம் ஒருமுறை கீழ் இமையை இழுத்துப் பார்ப்பேன். நல்ல சிவப்பாக இருந்தால் விட்டுவிடுவேன், வெளுத்திருந்தால் ரத்தம் உறிஞ்சும் புழு. தாடைக்கடியில் நீர் கோத்துத் தொங்கினால் முற்றிவிட்டது. அந்த ஆட்டுக்கு மட்டும் மருந்து கொடுங்க. எல்லாவற்றுக்கும் அடிக்கடி ஊற்றினால் மருந்து வேலை செய்யாமல் போகும்.

கரிசல்காட்டான்:
ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. நான்கு ஆடு சினை. அவற்றுக்கும் ஊசி போடலாமா?

மேய்ப்பன்:
போடலாம், போடணும். சினை ஐந்து மாதம். ஈனுவதற்கு ஒரு மாதம் முன்பு போட்டால் சீம்பால் வழியாகக் குட்டிக்கும் எதிர்ப்புச் சக்தி போகும். பிறந்ததும் சீம்பால் ஊட்டத் தாமதிக்காதீர்கள். புழு மருந்தில்தான் கவனம் வேண்டும். ஆல்பெண்டசோலை இளஞ்சினைக்குக் கொடுக்கவே கூடாது, டாக்டரிடம் சினை என்று சொல்லி வாங்குங்கள்.