பொதுமக்களுக்குச் சிபிஆர் பயிற்சி: நேரடி வகுப்பா, காணொளியா?

கேள்வி:
எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் நலச்சங்கம் சார்பில் சிபிஆர் (இதயம் நின்றவருக்கு மார்பை அமுக்கியும் செயற்கைச் சுவாசம் கொடுத்தும் செய்யும் முதலுதவி) பயிற்சி நடத்தத் தீர்மானித்துள்ளோம். பயிற்றுநரை வரவழைத்து அரை நாள் வகுப்பு நடத்தினால் ஒரு தடவைக்குச் சிலரைத்தான் சேர்க்க இயலும். அரை மணி நேரக் காணொளியைத் திரையிட்டால் காவலாளிகள், வீட்டு வேலைக்கு வருபவர்கள் உட்பட எல்லோரும் பார்த்துவிடலாம். இவற்றுள் எது உண்மையில் பயன் தரும்?

மறுமொழி 1:
காணொளி என்பதாலேயே அதைக் குறைவாக எண்ண வேண்டாம். பார்ப்பவரின் கைக்குக் கீழே, அமுக்கிப் பழகுவதற்கான மனித உருவப் பொம்மை இருக்கிறதா என்பதே முக்கியம். டென்மார்க்கில் 2005இல் ஏழாம் வகுப்பு மாணவர்கள் சுமார் 35,000 பேருக்குக் காற்றடைக்கும் சிறு பொம்மையையும் பயிற்சிக் குறுந்தகட்டையும் கொடுத்தார்கள். ஒவ்வொருவரும் சராசரியாக இரண்டு பேருக்கு மேல் வீட்டில் கற்றுக்கொடுத்தார்கள். வெறுமனே பார்த்துவிட்டு எழுந்து போகிறவருக்கு, பெரியவர் ஒருவரின் மார்பை 5 சென்டிமீட்டர் அமுக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பது பிடிபடாது.

மறுமொழி 2:
நான் முதலுதவிப் பயிற்சி அளிப்பவன். முழங்கை மடங்குவது, ஒவ்வோர் அமுக்கத்துக்குப் பிறகும் மார்பை முழுவதுமாக மேலெழ விடாமல் அதன் மேலேயே சாய்ந்திருப்பது, நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை இருக்க வேண்டிய வேகம் பதற்றத்தில் கூடிவிடுவது ஆகியவற்றை அருகில் நிற்கும் பயிற்றுநர்தான் உடனே திருத்த முடியும். ஆனால் ஒன்றில் காணொளியே மேல். இதயம் நின்றவர் சிறிது நேரம் விட்டுவிட்டு மூச்சிழுப்பதுண்டு. அதைக் கண்டு மூச்சு இருக்கிறது என்று நம்பிக் காத்திருந்துவிடுகிறார்கள். சாதாரணப் பயிற்சிப் பொம்மையில் இதைக் காட்ட இயலாது.

பாடத்தைச் சுருக்கவும் வழியுண்டு. இந்திய மயக்கவியல் வல்லுநர்கள் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பொதுமக்களுக்கு மார்பமுக்கத்தை மட்டும் கற்பித்தால் போதும் என்கிறது. இருப்பினும் நீரில் மூழ்கியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் செயற்கைச் சுவாசமும் தேவைப்படும் என்பதால், உங்கள் வளாகத்தில் நீச்சல் குளம் இருந்தால் அதன் பொறுப்பாளரையாவது முழு வகுப்புக்கு அனுப்புங்கள்.

மறுமொழி 3:
எந்த முறையில் கற்றாலும் சில மாதங்களில் கைப்பழக்கம் குறைந்துவிடுகிறது. ஆகவே ஆண்டுக்கொரு பெரிய வகுப்போடு நிறுத்திக்கொள்ளாமல், பொம்மை ஒன்றை வாங்கிச் சங்க அலுவலகத்தில் வைத்து, ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் ஆளுக்கு இரண்டு நிமிடம் அமுக்கச் சொல்லுங்கள். கை எவ்வளவு விரைவில் சோர்கிறது, ஏன் ஆள் மாற வேண்டும் என்பது அப்போதுதான் விளங்கும். இரவுக் காவலாளியையும் தவறாமல் சேர்த்துக்கொள்ளுங்கள். 108 ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை கதவைத் திறந்துவிடவும் அமுக்கத்தைத் தொடரவும் அவர் உதவி தேவைப்படும்.