நம்ம டீமை விட்டுப் போன ஆட்டக்காரர் எதிரே வந்து நின்றால்

கேரி, வட கரோலினா

அமெரிக்கக் கல்லூரி கூடைப்பந்தில் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல், அதாவது வேறு கல்லூரிக்கு மாற நினைக்கும் ஆட்டக்காரர்கள் பெயர் கொடுக்கும் பட்டியல், வந்தது 2018-இல். 2021-இல், மாறினால் ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும் என்ற கட்டாயம் முதல் முறை மாறுபவர்களுக்குப் போனது. 2024-இல் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்று ஆனது. நேற்று வரை தலையில் தூக்கிவைத்து ஆடிய பையன் இன்று வேறு சட்டையில் வந்து நிற்கிறான். அப்படி ஒருவரை அரங்கத்திலோ டிவியிலோ கடைத்தெருவிலோ பார்த்த அனுபவம் இருந்தால் எழுதுங்கள். முதலில் நானே ஆரம்பிக்கிறேன்.

எங்கள் டீம் வட கரோலினா பல்கலைக்கழகம். எங்களுக்குக் கேலப் லவ். 2022 தேசியப் போட்டி அரையிறுதியில் எங்கள் பரம எதிரி டியூக்கை வீழ்த்தியபோது 28 புள்ளி. டியூக்கின் புகழ்பெற்ற பயிற்சியாளர் கோச் கே-யின் கடைசி ஆட்டம் அது. கடைசி அரை நிமிடத்தில் லவ் தூரத்திலிருந்து போட்ட த்ரீதான் (மூன்று புள்ளி ஷாட்) அவரை வீட்டுக்கு அனுப்பியது. அடுத்த சீசனைத் தரவரிசையில் முதல் இடத்தில் தொடங்கிய எங்கள் டீம், மார்ச் மேட்னஸ் என்கிற அந்தத் தேசியப் போட்டியின் பக்கமே போகவில்லை. பழி முழுக்க லவ் தலையில் விழுந்தது. அரிசோனாவுக்குக் கிளம்பிவிட்டார்.

2024 மார்ச் மேட்னஸில் மேற்குப் பிரிவின் தரவரிசையில் நாங்கள் முதல் சீடு, அரிசோனா இரண்டாவது. லாஸ் ஏஞ்சலஸில் ஒரே இரவில் இரண்டு ஆட்டம். இருவரும் ஜெயித்தால் நேருக்கு நேர். நண்பர் வீட்டு பேஸ்மென்டில் கூட்டம். முதலில் அரிசோனா, கிளெம்சன். லவ் ஒன்பது த்ரீ வீசினார், ஒன்றுகூட விழவில்லை. ஒவ்வொன்றுக்கும் எங்கள் பக்கம் கைதட்டல். பஜ்ஜித் தட்டோடு இறங்கி வந்த நண்பரின் மனைவி, "இந்தப் பையனுக்குத்தானே ரெண்டு வருஷம் முன்னாடி சோபா மேல ஏறிக் குதிச்சீங்க?" என்றார். யாரும் வாய் திறக்கவில்லை. அரிசோனா தோற்றது. அடுத்த ஆட்டத்தில் அலபாமா எங்களையும் 89-87 என்று மூட்டை கட்ட வைத்தது.

மறு வருடம் லவ் டியூக்குக்கு எதிராக 35 புள்ளி எடுத்தார். அன்றைக்கு அதே பேஸ்மென்ட் அவருக்காகத் தொண்டை கிழியக் கத்தியது. டியூக் என்றால் எங்களுக்குச் சட்டமே வேறு.

டூசான், அரிசோனா

கேரி அண்ணா, அவரை வாங்கிக்கொண்டவர்கள் நாங்கள். வந்த உடனே 2023 நவம்பரில் டியூக்கின் சொந்த அரங்கத்திலேயே ஜெயித்தோம், அந்த சீசனில் எங்கள் லீக்கான பேக்-12-இன் சிறந்த ஆட்டக்காரர் பட்டமும் அவருக்குத்தான். அப்புறம் அந்த கிளெம்சன் ஆட்டம். நீங்கள் வருடக்கணக்கில் ஏன் தலையில் கை வைத்தீர்கள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

கேன்டன், மிச்சிகன்

லவ் முதலில் எங்கள் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குத்தான் வருவதாக இருந்தது. அட்மிஷன் சிக்கலில் நின்றுபோனது. அதே 2023 கோடையில் எங்கள் ஹன்டர் டிக்கின்சன் கேன்சஸுக்குப் போனார். மூன்று வருடம் இங்கே ஆடிய ஏழடி உயரப் பையன். போன பிறகு ஒரு பாட்காஸ்டில், என்னைத் திட்டுகிறவர்கள் எல்லாரும் பத்தாயிரம் டாலர் கூடக் கிடைத்தால் நாளைக்கே வேலையை மாற்றுவார்கள் என்ற பொருளில் பேசினார். மறுநாள் ஆபீஸ் மதிய உணவு மேசையில் அவரைத் திட்டித் தீர்த்தோம். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த எல்லாருமே கம்பெனி விட்டுக் கம்பெனி தாவியவர்கள். நான் உட்பட.

டிக்கின்சன் இல்லாத முதல் சீசனில் 8 வெற்றி, 24 தோல்வி. கோச்சையும் அனுப்பிவிட்டார்கள். அதற்கடுத்த வருடம் எங்கள் லீக்கான பிக் டென்னின் கோப்பை வந்தது. ஜெயித்துக் கொடுத்த கோல்டின் ஃபுளோரிடா அட்லான்டிக்கிலிருந்து புது கோச்சோடு வந்தவர். வுல்ஃப் யேல்-இலிருந்து வந்தவர். அந்த ஊர் ரசிகர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று எங்கள் மேசையில் ஒருத்தரும் கேட்கவில்லை.

எடிசன், நியூ ஜெர்சி

கடாரி ரிச்மண்ட். மூன்று சீசன் எங்கள் நியூ ஜெர்சியின் சீட்டன் ஹால் டீமில் ஆடி, 2024-இல் என்ஐடி (மார்ச் மேட்னஸில் இடம் கிடைக்காத டீம்கள் ஆடும் போட்டி) கோப்பையை வாங்கிக் கொடுத்துவிட்டு, ஆற்றுக்கு அக்கரையில் நியூயார்க்கில் இருக்கும் செயின்ட் ஜான்ஸுக்குப் போனவர். எங்கோ தொலைவில் போயிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்கள். 2025 ஜனவரியில் அவர் நூவர்க் அரங்கத்துக்கு எதிராளியாக வந்தபோது மகனோடு போயிருந்தேன். பந்து அவர் கைக்குப் போகும்போதெல்லாம் அரங்கமே வெறுப்பைக் காட்டி "பூ..." என்று ஊளையிட்டது. எங்கள் முன் வரிசையில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் வாய்க்கு இரு பக்கமும் கையைக் குவித்து, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார். அவர் போட்டிருந்த டி-ஷர்ட்டில் "என்ஐடி சாம்பியன்ஸ் 2024" என்று எழுதியிருந்தது. இடைவேளையில் என் மகன் அதைக் கேட்டே விட்டான். "சட்டை என்னுடையது, நானே காசு கொடுத்து வாங்கினேன்" என்றார் அவர்.

செயின்ட் ஜான்ஸ்தான் ஜெயித்தது. சீட்டன் ஹால் அந்த சீசனில் ஏழு ஆட்டம்தான் ஜெயித்தது, ஆகவே கோபத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்த என்ஐடி இறுதியில் தோற்ற இண்டியானா ஸ்டேட் கதை இன்னும் மோசம். ஊரே கொண்டாடிய கண்ணாடிக்காரர் ராபி அவிலா, கோச்சோடு சேர்ந்து செயின்ட் லூயிஸுக்குப் போய்விட்டார்.

ஒரு கல்லூரி ஊரில் ஹோட்டல் வைத்திருப்பவர்

ஊர் பெயரும் வேண்டாம், பையன் பெயரும் வேண்டாம். எங்கள் கடை சிக்கன் பிரியாணிக்கு வாடிக்கையாக வந்தவன், கூடவே ரெண்டு முட்டை கேட்பான். போர்ட்டலில் பெயர் கொடுத்துவிட்டான் என்று செய்தி வந்ததும் ஊரில் பேச்சு: பணத்தாசை, நன்றிகெட்டவன். மே மாதம் ரூமைக் காலி செய்ய வந்தவன் மதியம் கடைக்கு வந்தான். டீம் தொப்பி போட்ட ஒருவர் பார்த்ததும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். நான் பரிமாறும்போது, "ஏன் தம்பி போறே?" என்றேன். சீசன் முடிந்த வாரமே கோச் கூப்பிட்டு, உன் இடத்துக்குப் போர்ட்டலில் ஆள் பார்த்தாகிவிட்டது, இருந்தால் பெஞ்சில்தான் என்று சொல்லிவிட்டாராம். உதவித்தொகை இருக்கும், ஆட்டம் இருக்காது.

இதை வெளியே சொன்னாயா என்று கேட்டேன். சொன்னால் அடுத்த கோச் யோசிப்பார் என்றான். தொப்பிக்காரருக்கும் காதில் விழுந்திருக்க வேண்டும். எழுந்துபோகும்போது மேசையருகே நின்று, "புது ஊரில் நன்றாக ஆடு, எங்களுக்கு எதிராக மட்டும் வேண்டாம்" என்றார். எதிராக ஆட வேண்டியிருக்கிறது, டிசம்பரில். நான் டிக்கெட் வாங்கிவிட்டேன்.