தோடர் மொழியைப் பதிவு செய்யக் கைப்பேசி போதுமா?

கேள்வி – முதுகலை மாணவி:
ஆய்வேட்டுக்காக ஊட்டிக்கு அருகே ஒரு மந்தில் (தோடர் குடியிருப்பில்) தோடர் மொழியின் ஒலிகளைப் பதிவு செய்யப் போகிறேன். பேசப் போகிறவர்கள் பெரும்பாலும் பாட்டிமார்கள். கையிருப்பு 15,000 ரூபாய். வாட்ஸாப்பில் குரல் நன்றாகத்தானே கேட்கிறது, தனி ரெக்கார்டர் எதற்கு என்கிறார் தோழி. என்ன செய்யலாம்?

பதில் – மலைக்காற்று:
வாட்ஸாப்பை மறந்துவிடுங்கள் அம்மா. வேறு மொழியாக இருந்தால் இவ்வளவு கறாராகச் சொல்ல மாட்டேன். தோடர் மொழியில் ‘ஸ’, ‘ஷ’ போன்ற உரசொலிகள் மட்டும் நாக்கு படும் இடத்தைப் பொறுத்து நான்கு வகை, ரகரத்தில் மூன்று. உரசொலி என்பதே இயல்பில் ஓர் இரைச்சல். கைப்பேசியின் இரைச்சல் நீக்கிக்கு உங்கள் ஆய்வுப்பொருளே குப்பை! மிச்சம் இருப்பதில், கோப்பைச் சுருக்கும்போது உயர் அதிர்வெண்கள் போய்விடும். பிறகு பிராட் (Praat) என்ற ஒலி ஆய்வு மென்பொருளில் திறந்து எதை அளப்பீர்கள்?

ஜூம் எச்1என் போன்ற சிறிய ரெக்கார்டர் போதும். மிச்சப் பணத்தை ஒரு ஹெட்செட் மைக்கில் போடுங்கள். ஆனால் 48 வோல்ட் மின்சாரம் கேட்கும் ஸ்டூடியோ மைக்கை வாங்கிவிடாதீர்கள், இந்தச் சிறிய கருவி அதைத் தராது. மைக் வாய்க்கு நேரே வேண்டாம். உதட்டோரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி இருக்கட்டும். காலர் மைக் வேண்டவே வேண்டாம். பூத்துக்குளி என்ற தோடர் போர்வையைப் போர்த்திய பாட்டி அசையும்போதெல்லாம் துணி உரசும், அதுவும் ஒரு ‘ஸ’வாக உள்ளே வந்து உட்காரும்.

வேவ் கோப்பு, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். தானியங்கி ஒலியளவை அணைத்துவிடுங்கள். ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1 ஜிபி ஆகும், மெமரி கார்டைப் பற்றிக் கவலை இல்லை. அன்றிரவே இரண்டு இடங்களில் பிரதி எடுத்துவிடுங்கள்.

பதில் – பழைய பேராசிரியர்:
கருவியைப் பற்றி மேலே சொன்னது சரி. மொழியியலாளர் எமனோ 1930களில் தோடர் பாடல்களைக் கையால்தான் எழுதி எடுத்தார். கேட்கும் காது முக்கியம் என்பதை மறக்க வேண்டாம். சொற்களைத் தனித்தனியாகச் சொல்லச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு சொல்லையும் ஒரே மாதிரியான வாக்கியத்துக்குள் வைத்து மூன்று முறை சொல்ல வையுங்கள். பட்டியலின் கடைசிச் சொல்லில் குரல் தானாகத் தாழ்ந்துவிடும். அங்கே தேவையில்லாத ஒரு சொல்லைப் போட்டுவிடுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை போகாதீர்கள். தகரக் கூரையில் மழை விழுந்தால் எந்த மைக்கும் உதவாது.

மாணவி:
மிக்க நன்றி ஐயா. பாட்டி ஹெட்செட்டை மாட்ட மறுத்தால்?

மலைக்காற்று:
வற்புறுத்தாதீர்கள். ரெக்கார்டரையே சிறு முக்காலியில் வைத்து, வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் நிறுத்துங்கள். முக்காலிக்கு அடியில் மடித்த கம்பளி, வெளியில் உட்கார்ந்தால் மைக்குக்கு ரோம உறை. ஒலியின் தரம் கொஞ்சம் குறையும், ஆனால் பாட்டி இயல்பாகப் பேசுவார். பதிவின் தொடக்கத்திலேயே சம்மதத்தை அவர் மொழியிலேயே சொல்ல வையுங்கள். திரும்பும் முன் குடும்பத்தாருக்கு ஒரு பென்டிரைவில் பிரதி கொடுத்துவிடுங்கள். அவர்களுக்கு எம்பி3 போதும்.