‘கிரிட்டில் இடம் இல்லை’ என்கிறார்கள்: காத்திருப்பதா, நிபந்தனையோடு இணைப்பதா?

பகலவன்18:

வணக்கம். நாங்கள் சிலர் சேர்ந்து 18 மெகாவாட் சோலார் நிலையம் ஒன்று போடும் வேலையில் இருக்கிறோம். நிலம் முடிந்தது, வடிவமைப்பும் முடிந்தது. இணைப்புக்கு விண்ணப்பித்ததில் நாலு பக்கக் கடிதம் வந்திருக்கிறது. சாரம் ஒன்றுதான்: அந்த வட்டாரக் கிரிட்டில் (மின் வலையமைப்பில்) இடம் இல்லை.

கடிதத்தில் இருக்கும் விவரம் இது. துணை மின்நிலையத்தில் 110/33 கேவி மின்மாற்றிகள் இரண்டு, ஒவ்வொன்றும் 40 எம்விஏ (தோராயமாக 40 மெகாவாட் தாங்கும்). அந்த 33 கேவி பஸ்பாரில் (லைன்கள் வந்து சேரும் பொதுக் கடத்தியில்) ஏற்கெனவே காற்றும் சோலாருமாக 34 மெகாவாட் ஓடிக்கொண்டிருக்கிறது. எங்களுக்கு முன்னால் வரிசையில் இன்னும் 25 மெகாவாட், அனுமதி வாங்கிவிட்டுக் கட்டாமல் நிற்கிறது. பகல் நேரத்துக் குறைந்தபட்ச லோடு 9 மெகாவாட். எங்கள் இடம் நிலையத்திலிருந்து 22 கிலோமீட்டர். எங்கள் முனையில் குறுக்குச்சுற்று அளவு (அங்கே கிரிட் எவ்வளவு பலமானது என்று காட்டும் எண்) சுமார் 100 எம்விஏ.

இரண்டு வழி காட்டுகிறார்கள். மூன்றாவது மின்மாற்றி வரும்வரை காத்திருக்கலாம். அது ஆண்டுக்கணக்கில் ஆகும், தேதி சொல்லமாட்டார்கள். அல்லது இப்போதே இணையலாம், ஆனால் “தேவைப்படும்போது உற்பத்தியைக் குறைக்க வேண்டும்” என்ற நிபந்தனையோடு. எத்தனை மணி நேரம், எவ்வளவு குறைப்பு என்று ஒரு வார்த்தை கிடையாது. கடன் தருபவர்கள் முதலில் கேட்பதே அதைத்தான்.

காத்திருப்பதா, கையெழுத்துப் போடுவதா? பேட்டரி வைத்தால் தீருமா?

காற்றாடி:

அந்த வாசகத்தோடு கையெழுத்துப் போடாதீர்கள். எங்கள் காற்றாலைக்கும் இதே வாசகம்தான் வந்தது. “தேவைப்படும்போது” என்றால் யாருக்குத் தேவைப்படும்போது? நல்ல காற்று அடிக்கும் நாளில்தான் பேக் டவுன் (உற்பத்தியைக் குறை என்ற) உத்தரவு வரும், காற்றே இல்லாத நாளில் எவ்வளவு வேண்டுமானாலும் ஓட்டிக்கொள்ளுங்கள் என்பார்கள். ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தால் குறைத்த நேரம் கொஞ்சமாகத்தான் தெரியும், போன யூனிட் நிறைய.

பழைய ரிலே:

இப்படிப்பட்ட கடிதங்களை எழுதும் மேசையில்தான் என் வேலைக்காலம் முழுக்கப் போனது. அதனால் சொல்கிறேன்: உங்கள் கடிதத்தில் இருக்கும் எண்களும் அதன் முடிவும் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

இருப்பது 34, வரிசையில் 25, நீங்கள் 18. மொத்தம் 77 மெகாவாட். எல்லாம் ஒரே நேரத்தில் முழுவீச்சில் ஓடி, லோடு 9-க்கு இறங்கினால், மின்மாற்றிகள் வழியாக மேலே 110 கேவிக்கு ஏற வேண்டியது 68. இரண்டு மின்மாற்றியும் இருக்கும்போது திறன் 80. போதும். காற்றும் வெயிலும் ஒரே நொடியில் உச்சம் தொடுவது அபூர்வம் என்பதால் நிஜத்தில் இன்னும் தாராளமாகவே இருக்கும்.

அப்புறம் ஏன் இடம் இல்லை என்கிறார்கள்? எந்த ஒரு பாகம் போனாலும் மீதி தாங்க வேண்டும் என்பது திட்டமிடுபவரின் அடிப்படை விதி. ஒரு மின்மாற்றி போய்விட்டால் மிஞ்சுவது 40. அந்த 40-ஐ வைத்துத்தான் கடிதம் எழுதியிருக்கிறார்கள். அதாவது உங்களுக்கு இல்லாத இடம், ஒரு மின்மாற்றி பழுதாகியோ பராமரிப்புக்கோ வெளியே இருக்கும் நேரத்தில் மட்டும்தான் இல்லை. மற்ற நேரமெல்லாம் அது சும்மா கிடக்கிறது.

எனவே “தேவைப்படும்போது” என்ற சொல்லை அடித்துவிட்டு “இரண்டில் ஒரு மின்மாற்றி சேவையில் இல்லாதபோது மட்டும்” என்று எழுதித் தரச் சொல்லுங்கள். கடன் தருபவருக்குக் காட்டக்கூடிய வாசகம் அது. மின்மாற்றியின் பழுது வரலாறு அவர்களிடம் இருக்கும், கேட்டு வாங்கலாம். பராமரிப்பு முன்கூட்டியே தெரிந்த வேலை, வெயிலும் காற்றும் குறைந்த காலத்துக்குத் தள்ளிக்கொள்ளலாம். திடீரென்று ஒன்று விழுந்தால் சிக்னல் வந்த சில விநாடிகளில் உங்கள் இன்வெர்ட்டர்கள் (சோலாரின் டிசி மின்சாரத்தை ஏசியாக மாற்றும் கருவிகள்) இறங்க வேண்டும். இன்வெர்ட்டருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. சிக்னல் போகும் தொடர்பு அறுந்தால் என்ன நடக்கும் என்பதில்தான் சண்டை வரும்: தானாகப் பூஜ்யத்துக்கு இறங்கு என்பார்கள். தொடர்புக்கு இரண்டு தடம் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் கேளுங்கள். அந்த 40 எம்விஏ தலைகீழ் ஓட்டத்துக்கும் செல்லுமா? சில பழைய டேப் சேஞ்சர்கள் (மின்மாற்றியில் வோல்டேஜைச் சரிசெய்யும் பாகங்கள்) கீழிருந்து மேலே போகும் மின்சாரத்தில் முழுத் திறனைத் தாங்காது. செல்லாது என்றால் நான் போட்ட கணக்கு முழுக்க மாறிவிடும்.

அடுத்தது வோல்டேஜ். மின்மாற்றியைவிட இதில்தான் எனக்குக் கவலை அதிகம், ஏனென்றால் 22 கிலோமீட்டர் என்கிறீர்கள். ஒரு கிலோமீட்டருக்கு 0.15 ஓம் மின்தடை என்று வைத்தால் மொத்தம் 3.3 ஓம். 18 மெகாவாட்டை அதில் தள்ளினால் உங்கள் முனையில் வோல்டேஜ் சுமார் 1.8 கேவி ஏறும், 33-இல் ஐந்தரை சதவீதம். யாரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். ஆனால் இன்வெர்ட்டரை 0.95 பவர் ஃபேக்டரில் (மொத்தத் திறனில் நிஜ வேலை செய்யும் பங்கு), ரியாக்டிவ் பவரை (வேலை செய்யாமல் வோல்டேஜை ஏற்றி இறக்கும் பங்கை) உள்ளே இழுக்கும்படி ஓட்டினால் சுமார் 6 எம்விஏஆர் (ரியாக்டிவ் பவரின் அலகு) இழுக்கும். லைனின் ரியாக்டன்ஸ் (ஏசி ஓட்டத்துக்கு லைன் தரும் இன்னொரு வகைத் தடை) கிலோமீட்டருக்கு 0.35 ஓம் என்றால் அது 1.4 கேவி அளவுக்கு வோல்டேஜை இறக்கும். மிஞ்சுவது ஒன்றேகால் சதவீத ஏற்றம். இந்த வசதியை விண்ணப்பத்திலேயே எழுதிக் கொடுத்தீர்களா? கொடுக்காவிட்டால் அவர்கள் யூனிட்டி பவர் ஃபேக்டரில், அதாவது ரியாக்டிவ் பவரே இல்லை என்று கணக்குப் போட்டு, இன்னொரு ‘இடம் இல்லை’ எழுதுவார்கள்.

குறுக்குச்சுற்று விகிதம், அதாவது அந்த 100-ஐ உங்கள் 18-ஆல் வகுத்தால் வருவது, ஐந்தரைக்கு மேல். தனியாகப் பார்த்தால் பயமில்லை. மூன்றுக்குக் கீழே போனால்தான் பலவீனமான கிரிட் என்பார்கள். ஆனால் பக்கத்திலும் இன்வெர்ட்டர்களாகவே இருந்தால் எல்லோரும் அதே 100-ஐத்தான் பங்கு போட்டுக்கொள்கிறீர்கள். ஆஸ்திரேலியாவில் மேற்கு மர்ரே பகுதியில் 2019 செப்டம்பரில் ஐந்து சோலார் நிலையங்களைப் பாதி உற்பத்திக்கு இறக்கினார்கள். கம்பி நிறைந்ததால் இல்லை. ஒரு லைன் விழுந்தால் வோல்டேஜ் ஊசலாடி அடங்காமல் போகும் என்று கணினி மாதிரியில் தெரிந்தது. 2020 ஏப்ரலில் இன்வெர்ட்டர் அமைப்புகளை மாற்றிய பிறகுதான் தடை நீங்கியது. ஒரு கம்பிகூடப் புதிதாக இழுக்கவில்லை, மாற்றியது மென்பொருள் அமைப்பை மட்டும். ஆகவே உங்கள் இன்வெர்ட்டரின் சரியான கணினி மாதிரி கையில் இல்லாமல் எந்த ஒப்பந்தத்திலும் இறங்காதீர்கள்.

கம்பிப்பக்கம்:

ரிலே ஐயா சொல்வது மின்மாற்றிதான் தடை என்றால் சரி. மேலே இருக்கும் 110 கேவி லைனில் நெருக்கடி என்றால்? அந்த லைனில் வேறு நாலு துணை நிலையங்களின் காற்றும் வெயிலும் சேர்ந்து ஓடும். அப்போது பேக் டவுன், மின்மாற்றி போனால் மட்டும் என்று இருக்காது, நல்ல வெயில் நாளெல்லாம் வரும்.

எனக்கு இந்த ‘நிபந்தனை இணைப்பு’ யோசனையே பிடிக்கவில்லை. கம்பி இழுக்கும் பொறுப்பைத் தள்ளிப்போட இது நல்ல சாக்கு. டெக்சாஸைப் பாருங்கள். காற்று எங்கே இருக்கிறது என்று முதலில் மண்டலம் பிரித்து, 2008-இல் லைன் திட்டத்தை முடிவு செய்து, 2014 தொடக்கத்துக்குள் சுமார் 5,800 கிலோமீட்டர் லைன் கட்டினார்கள். 18,500 மெகாவாட் காற்றுக்கு இடம் கிடைத்தது. காற்றாலைகள் பின்னால் வந்தன. யார் வருவார் என்று தெரியாமல் எப்படி லைன் கட்டுவது, லைன் இல்லாமல் எப்படி ஆலை கட்டுவது என்ற இழுபறியை அங்கே அரசே முன்வந்து முடித்துவைத்தது.

பழைய ரிலே:

110 கேவி பற்றிச் சொன்னது நியாயம். முதல் கேள்வியாக அதைத்தான் போட வேண்டும்: எந்த உபகரணம், எந்தப் பழுதின்போது, எந்த மணி நேரங்களில் அளவு மீறுகிறது? இதற்குப் பதில் தராதவரை “இடம் இல்லை” என்பது பதிலே ஆகாது.

டெக்சாஸ் நல்ல உதாரணம்தான், ஆனால் கேட்டவர் ஒரு மாநிலத்துக்குத் திட்டம் போடவில்லை, 18 மெகாவாட் போடுகிறார். லைன் வரும்வரை அவர் என்ன செய்வார்? ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுகளைப் பார்க்கலாம். நிலப்பகுதியோடு இணைப்பது 33 கேவி கடலடிக் கேபிள்கள் இரண்டே இரண்டு. அவை நிறைந்தபின் 2009-இல் தானியங்கிக் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள்: கேபிளில் ஓட்டம் எல்லையை நெருங்கினால் கணினியே காற்றாலைகளைக் குறைக்கும். அதை நம்பி மேலும் ஆலைகள் வந்தன. 2013 முதல் தீவுகளின் ஆண்டுத் தேவையைவிட அதிகமாகவே அங்கே புதுப்பிக்கத்தக்க மின்சாரம் உற்பத்தியாகிறது.

ஆனால் ஆர்க்னியில் கவனிக்க வேண்டியது வேறு ஒன்று. கடைசியாக வந்தவரை முதலில் குறைப்பது அங்கே விதி. முன்னால் வந்தவர்களுக்குச் சுகம், கடைசி ஆளுக்கு நெருக்கடி. அங்குள்ள ஈடே (Eday) என்ற தீவில் அப்படிக் குறைக்கச் சொல்லும் நேரத்து மின்சாரத்தை வைத்து ஹைட்ரஜன் எடுக்கும் அளவுக்குப் போனார்கள்.

உங்கள் கணக்கில் போட்டுப் பார்க்கிறேன். ஒரு மின்மாற்றி போனால் 40-ம் லோடு 9-ம் சேர்த்து 49 வரை ஓடலாம். 77-இல் 28 குறைய வேண்டும். கடைசியாக வந்தவர் முதலில் என்றால் உங்கள் 18-ம் பூஜ்யம், மீதி 10 வரிசைக்காரரிடமிருந்து. எல்லோருக்கும் சமவிகிதம் என்றால் ஆளுக்கு 36 சதவீதம். பழைய 34-ஐத் தொடக்கூடாது என்றால் நீங்களும் வரிசைக்காரரும் 65 சதவீதம் விட வேண்டும். அதே மின்மாற்றி, அதே பழுது. உங்கள் வருமானத்தை முடிவு செய்வது ஒப்பந்தத்தின் அந்த ஒரு வரிதான்.

உச்சவரம்பும் கேளுங்கள். ஜெர்மனியில் நெட்வொர்க் நிறுவனங்கள், ஒவ்வொரு ஆலையின் ஆண்டு உற்பத்தியிலும் 3 சதவீதம் வரை குறைக்கலாம் என்று வைத்துக்கொண்டு நெட்வொர்க்கைத் திட்டமிடலாம் என்று சட்டமே அனுமதிக்கிறது. குறைத்ததற்கு ஈடும் உண்டு. அதே எண் உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம், ஏதோ ஓர் எண் இருக்க வேண்டும்.

கம்பிப்பக்கம்:

சரி, வரிசை பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். முன்னால் நிற்கும் 25 மெகாவாட் உண்மையில் வருமா? அமெரிக்காவில் 2023 இறுதியில் சுமார் 2,600 கிகாவாட் இணைப்பு வரிசையில் நின்றது, நாட்டில் ஓடிக்கொண்டிருந்த ஆலைகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் அதில் பாதிதான் வரும். 2000 முதல் 2018 வரை விண்ணப்பித்த திட்டங்களில் ஐந்தில் ஒன்றுதான் 2023-க்குள் ஓடத் தொடங்கியது. அதனால்தான் அங்கே 2023 ஜூலையில் மத்திய ஒழுங்குமுறை ஆணையம் ‘முதலில் வந்தவர்’ என்பதை ‘முதலில் தயாரானவர்’ என்று மாற்றியது. பிரிட்டனும் 2025-இல் அதே பாதைக்கு வந்தது.

பழைய ரிலே:

இதை நானே சொல்லியிருக்க வேண்டும், நன்றி. அந்த 25 கழன்றுகொண்டால் கணக்கு 34-ம் 18-ம், கழித்தல் 9: 43. ஒரு மின்மாற்றி போன நிலையிலும் மிகுதி வெறும் 3 மெகாவாட்! வரிசைக்காரருக்கு என்னென்ன கெடு, அது எப்போது முடிகிறது என்று எழுதிக் கேளுங்கள். பெயர் சொல்லமாட்டார்கள், தேதி சொல்லலாம்.

பேட்டரி கேட்டீர்கள். மின்மாற்றி போவதுதான் தடை என்றால் பேட்டரிக்காகச் செலவு செய்யாதீர்கள், எப்போதோ வரும் பழுதுக்கு அது அதிகம். 110 கேவியில் தினமும் மதியம் நெருக்கடி என்றால் அர்த்தமுண்டு, மதியம் ஏற்றி மாலையில் விடலாம். ஒரு எச்சரிக்கை: பேட்டரி கிரிட்டிலிருந்து ஏற்றும் என்று எழுதினால் அவர்கள் அதை லோடாகப் பார்த்து, மாலை உச்சத்தில் ஏற்றினால் என்னாகும் என்று இன்னொரு ஆய்வு ஆரம்பிப்பார்கள். சோலாரிலிருந்து மட்டும் ஏற்றும் என்று எழுதுங்கள்.

காற்றாடி:

முதலில் கோபத்தில் எழுதினேன், இப்போது உபயோகமாக ஒன்று. உங்களுக்குப் பக்கத்தில் காற்றாலை இருந்தால் அவர்களுடைய இணைப்பிலேயே சேர முடியுமா என்று விசாரியுங்கள். நெதர்லாந்தில் இப்படிக் கேபிளைப் பங்கு போடுகிறார்கள், போலந்து 2023-இல் இதற்குச் சட்டமே கொண்டுவந்தது. எங்கள் கேபிள் பல மதியங்களில் பாதிகூட நிறைவதில்லை. இரண்டின் கூட்டு உற்பத்தி இணைப்பு அளவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளும் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்று இருந்தால் போதும். மீட்டரைப் பிரிப்பதிலும், இரண்டும் சேர்ந்து உச்சத்துக்கு வரும்போது யார் குறைப்பது என்பதிலும்தான் பேச்சு இழுக்கும்.

பகலவன்18:

எல்லோருக்கும் நன்றி. பவர் ஃபேக்டர் பற்றி விண்ணப்பத்தில் நாங்கள் எதுவும் எழுதவில்லை, படிவத்தில் அதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. தனிக் கடிதமாகச் சேர்க்கிறோம். இரண்டு கிலோமீட்டரில் ஒரு காற்றாலை இருக்கிறது, விசாரிக்கிறோம். 0.95-இல் ஓட்டினால் எங்களுக்கு யூனிட் இழப்பு உண்டா?

பழைய ரிலே:

இன்வெர்ட்டரை 19 எம்விஏவுக்கு எடுத்தால் 18 மெகாவாட்டும் வெளியே வரும், குறைக்க வேண்டாம். லைனில் இழப்பு உண்டு. 331 ஆம்பியர் ஓடும்போது அந்த 3.3 ஓமில் 1 மெகாவாட்டுக்குச் சற்று மேல் சூடாகப் போகும். மீட்டர் உங்கள் வேலிக்குள் இருந்தால் அது அவர்கள் தலையில், துணை நிலையத்தில் இருந்தால் உங்கள் தலையில். கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரைபடம் இருக்கும், மீட்டர் எங்கே என்று பார்த்துச் சொல்லுங்கள்.