ஃபார்மால் எம்: நேரோ ஃப்ரண்ட் உதறுகிறது. சரி செய்வதா, வைட் ஃப்ரண்ட்டுக்கு மாற்றுவதா?

சோளக்கொல்லை (கேள்வி)

வணக்கம். வண்டி 1949 ஃபார்மால் எம் டிராக்டர், பெட்ரோல். முன்சக்கரம் இரண்டும் நடுவில் ஒட்டினாற்போல இருக்கும் நேரோ ஃப்ரண்ட். முன் டயர் 6.00-16, பின் டயர் 13.6-38. இடம் மத்திய அயோவா.

ஐந்தாவது கியரில் ரோட்டில் போனால் முன்பக்கம் இடவலமாக உதறுகிறது. வேகத்தைக் குறைத்தால் நின்றுவிடும். ஸ்டியரிங்கைக் கால் சுற்று திருப்பிய பிறகுதான் சக்கரம் அசைகிறது. முன் போல்ஸ்டருக்கு (முன்சக்கர அமைப்பைத் தாங்கும் வார்ப்புப் பெட்டி) கீழே எண்ணெய்க் கசிவும் உண்டு. நான்காவது கியர் வரை வயலில் தொந்தரவே இல்லை.

அடுத்து இதில் லோடர் மாட்டி, உருண்டை வைக்கோல் கட்டு தூக்கவும் பனி தள்ளவும் எண்ணம். நேரோ ஃப்ரண்ட் கவிழ்ந்துவிடும், மாற்று என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். பழைய இரும்புக் கடையில் எம் வண்டிக்கான வைட் ஃப்ரண்ட் (முன்சக்கரங்களை இருபுறமும் அகலமாக வைக்கும் குறுக்கு அச்சு) ஒன்று கிடக்கிறது. உதறலைச் சரிசெய்வதா, மொத்தமாக மாற்றிவிடுவதா? ஒரு காலத்தில் ஊர் முழுக்க ஓடிய இந்த அமைப்பு ஏன் நின்றுபோனது? ஆபத்து என்பதாலா?

கிரீஸ்கன்

உதறலும் கால் சுற்று ஆட்டமும் ஒரே கோளாறு இல்லை. முதலில் பிரித்துப் பாருங்க.

பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்க. ஜாக்கை போல்ஸ்டருக்குக் கீழே வைக்காதீங்க, அங்கே இருப்பது திரும்பும் பாகம். எஞ்சினுக்கு இருபுறமும் ஓடும் சைடு ரெயிலில் தூக்கி, இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் வைங்க. ஆயில் சம்ப்பில் ஜாக் படவே கூடாது. முன்சக்கரம் தரையை விட்டு எழும்பியதும்:

ஒவ்வொரு டயரையும் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்க. ஒரு சக்கரம் மட்டும் தனியாக ஆடினால் அந்த வீல் பேரிங். இரண்டும் சேர்ந்து ஒரே துண்டாக ஆடினால் மேலே உள்ள செங்குத்து ஷாஃப்டின் பேரிங்கோ புஷ்ஷோ தேய்ந்திருக்கு. ஸ்டியரிங் வீலை இன்னொருவர் லேசாகத் திருப்பட்டும், நீங்க ஷாஃப்ட் முழுக்கக் கைவைத்துத் தொடர்ந்து போங்க. எந்த இடத்துக்குப் பிறகு அசைவு நிற்கிறதோ அங்கேதான் ஆட்டம்: ஜாயின்ட்டாக இருக்கலாம், ஸ்டியரிங் பெட்டிக்குள் உள்ள வார்ம் கியராக (திருகுப் பல்சக்கரம்) இருக்கலாம்.

வீல் பேரிங் என்றால் கழுவிப் பார்த்து, உருளையில் குழியோ நீலமோ இருந்தால் கப்பையும் சேர்த்தே மாற்றணும். மாட்டும்போது சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, லேசாகப் பிடிப்பு தெரிந்ததும் நட்டின் அடுத்த பள்ளம் காட்டர் பின் துளைக்கு நேராக வரும் வரை மட்டும் தளர்த்தி, புது காட்டர் பின் போடுங்க.

டயர்: இரண்டும் ஒரே அளவு, ஒரே தேய்மானம், ஒரே காற்று. ஒன்று புதுசு, ஒன்று மொட்டை என்றால் பேரிங் எல்லாம் புதுசாக இருந்தாலும் உதறும். 32 முதல் 36 பிஎஸ்ஐ வைத்து ஓட்டிப் பாருங்க. நேரோ ஃப்ரண்ட்டில் டோ-இன் (சக்கரங்களின் முன்பக்கம் உள்நோக்கி இருக்கும் அளவு) திருத்த வழி கிடையாது. ஆனால் ஹப் உயரத்தில் டயருக்கு டயர் இடைவெளியை முன்னாலும் பின்னாலும் அளந்து பாருங்க. வித்தியாசம் கண்ணுக்கே தெரிகிற அளவு இருந்தால் சின்ன ஆக்சில் வளைந்திருக்கு. லோடர் ஓடிய வண்டிகளில் இது சகஜம்.

கசிவு கீழ் சீலில். எண்ணெய் வடிந்து வார்ம் கியர் வெறுமனே ஓடியிருக்கும், அதனால்தான் கால் சுற்று ஆட்டம். பெட்டியைக் கழற்றும்போது வார்ம் வீலில் பல் முழு வட்டமாக இருந்தால் பாதிச் சுற்று திருப்பி மாட்டுங்க, தேயாத பற்கள் வேலைக்கு வரும். சீல் மாற்றும் வரை கார்ன் ஹெட் கிரீஸ் போடலாம், அரைத் திரவம், தானாக வழிந்து திரும்பக் கியர் மேல் படியும். சாதாரணச் சேசிஸ் கிரீஸ் வேண்டாம். வார்ம் அதில் ஒரு வாய்க்கால் வெட்டிக்கொண்டு மறுபடி காய்ந்து ஓடும்.

தெற்குவரப்பு

எதுக்கு இவ்வளவு மெனக்கெடல்? மாற்றிடுங்க அண்ணே. மூன்றுகால் வண்டி, திரும்பினால் கவிழும். வைட் ஃப்ரண்ட் நாலுகால், கவலை இல்லை.

முக்கோணம்

தம்பி, அது பாதிதான் உண்மை. வைட் ஃப்ரண்ட் அச்சு வண்டியோடு இறுகப் பொருந்தியது இல்லை, நடுவில் ஒரே பின்னில் (ஆணியில்) தொங்கி ஊசலாடுது. அதனால் வண்டி சாயத் தொடங்கும்போது தாங்குவது அந்தப் பின்தான், ஓரத்துச் சக்கரம் இல்லை. அச்சு தன் ஸ்டாப்பரில் (ஊசலாட்டத்தை நிறுத்தும் காது) போய் இடித்த பிறகுதான் நாலுகால் என்ற பேச்சு. அந்த ஆணி தரையிலிருந்து உயரத்தில் இருப்பதால் கொஞ்சம் சாதகம் உண்டு, ஸ்டாப்பர் இன்னும் பெரிய சாதகம். ஆனால் நேரோ ஃப்ரண்ட் சும்மா ஓடினாலே உருளும் என்பது மிகை.

கணக்காகப் பாருங்க. பின் சக்கரம் நடுவுக்கு நடு 60 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். முன்னால் முனை, பின்னால் அடி: தரையில் ஒரு முக்கோணம். வண்டி எடையில் 30 சதவீதம் முன்னால் இருந்தால், எடை மையத்துக்கு நேர்கீழே முக்கோணத்தின் பாதி அகலம் 30-இல் 70 சதவீதம், அதாவது 21 அங்குலம். லோடரில் பாரம் ஏற்றி முன்பக்கம் 60 சதவீதம் வந்தால் அதே இடம் 12 அங்குலமாகச் சுருங்கும். அதே நேரம் வைக்கோல் கட்டை மேலே தூக்கினால் எடை மையம் உயரும். குறுகலும் உயரமும் சேர்ந்த அந்தக் கணத்தில் ஒரு முன்சக்கரம் எலிவளையில் இறங்கினால் போதும், தடுக்க நேரோ ஃப்ரண்ட்டில் ஸ்டாப்பர் கிடையாது.

ஆக, கல்டிவேட்டரோ டிரெய்லரோ இழுக்க நேரோ ஃப்ரண்ட் போதும். லோடருக்கு வேண்டாம். பின் சக்கரத்தை அச்சில் 80 அங்குலத்துக்கு நகர்த்தினால் அந்த 12 அங்குலம் 16 ஆகும், செலவில்லாத திருத்தம். நேரோவோ வைடோ, எதுவானாலும் செய்யுங்க.

சோளக்கொல்லை

நன்றி. அப்படியென்றால் இது நின்றுபோனதற்கு ஆபத்து காரணம் இல்லையா?

பச்சைமஞ்சள்

ஆபத்து கடைசிக் காரணங்களில் ஒன்று. முதல் காரணம், அது செய்த வேலை காணாமல் போனது.

1924-இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் ஃபார்மாலை விற்கத் தொடங்கும் வரை டிராக்டர் என்றால் பெரும்பாலும் உழவுக்கும் கதிரடிக்கவும்தான். விதைத்த வரிசைக்குள் களையெடுக்கப் பெரும்பாலும் குதிரைதான் போகணும். மக்காச்சோள வரிசைக்கு வரிசை 40, 42 அங்குலம் என்ற இடைவெளியே குதிரை நடக்கத் தேவையான அகலம்தான். ஃபார்மால் அதற்குள் புகுந்தது எப்படி என்றால், 40 அங்குல வரிசையில் பின் சக்கரத்தை 80 அங்குலத்துக்கு வைத்தால் இரண்டு வரிசை வண்டிக்குக் கீழே வரும், முன்சக்கரம் இரண்டுக்கும் நடு இடைவெளியில் ஓடும். முன்னால் குறுக்கே அச்சு இல்லாததால், எஞ்சினுக்கு இருபுறமும் வெற்றிடம். அந்த வெற்றிடம்தான் இந்த அமைப்பின் உயிர். கல்டிவேட்டர் கொத்துகளை அங்கே மாட்டினால் ஓட்டுநர் செடியைக் குனிந்து பார்த்தே ஓட்டலாம், ஸ்டியரிங்கை லேசாக அசைத்தாலே கொத்தும் கூடவே நகரும். அறுவடையில் அதே இடத்தில் இரட்டை வரிசைச் சோளம் பறிக்கும் இயந்திரத்தை ஏற்றுவார்கள். அதன் மூக்குகள் முன்சக்கரத்துக்கு இருபுறமும் நீளும். குறுக்கே அச்சு இருந்தால் அதை மாட்டவே முடியாது.

பிறகு ஒவ்வொன்றாகக் கழன்றது. 1939-இல் ஃபோர்டு 9என், ஃபெர்குசனின் மூன்று-புள்ளி இணைப்போடு வந்தது. கருவி பின்னால் போயிற்று, முன்னால் வைட் ஃப்ரண்ட். 1954-இல் ஜான் டீர் தன் 45 என்ற கம்பைனுக்கு (அறுவடை இயந்திரம்) முன்னால் மாட்டும் சோளத்தலையைக் கொடுத்தது. தானாக ஓடும் கம்பைன் பறித்து, உதிர்த்து, தொட்டியில் கொட்டும்போது டிராக்டர் மேல் ஏற்றும் பறிப்பான் எதற்கு? ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் அதை மாட்டிக் கழற்றுவதே பெரிய வேலை. 1950-களின் இறுதியில் அட்ரசின் களைக்கொல்லி வந்ததும் களையெடுக்கும் ஓட்டங்களும் குறைந்தன. 1960-களில் வரிசை 30 அங்குலத்தை நோக்கிச் சுருங்கியது. நேரோ ஃப்ரண்ட்டுக்கு அதுவே தடை இல்லை, பின் சக்கரம் 60-க்கு வந்தால் சரி. ஆனால் நான்கு, ஆறு வரிசைக் கருவிகள் பின்னால் தொங்கியபோது முன்னால் எடைப் பாளங்கள் அடுக்க வேண்டியிருந்தது. அத்தனை பாரத்தையும் நடுவில் ஒரே செங்குத்து ஷாஃப்ட்டில் சுமத்துவது கஷ்டம். வைட் ஃப்ரண்ட்டில் திருப்பக் கனம் என்ற குறையைப் பவர் ஸ்டியரிங் போக்கிவிட்டது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி வந்தபின் பேச்சே இல்லை.

உழவிலும் ஒரு வசதி உண்டு. வைட் ஃப்ரண்ட்டில் வலது முன்சக்கரம் படைச்சாலுக்குள் ஓடித் தானே வழிகாட்டும். நேரோவில் கண்ணால் பார்த்தே பிடிக்கணும்.

எங்கள் பச்சை வண்டிக்காரர்கள் (ஜான் டீர்) 1947-இல் ரோல்-ஓ-மேட்டிக் போட்டு நேரோ ஃப்ரண்ட்டின் குலுக்கலைக் குறைத்தார்கள்: இரண்டு சக்கரமும் பல்லால் இணைந்தவை, ஒன்று மேட்டில் ஏறினால் மற்றது அதே அளவு இறங்கும், முன்பக்கம் மேட்டில் பாதி உயரமே எழும்பும். எம் வண்டிக்கு அந்த வரம் இல்லை. 1960-இல் வந்த 4010-க்கும், பிறகு 4020-க்கும்கூட நேரோ ஃப்ரண்ட் கேட்டு வாங்க முடிந்தது. ஒரே நாளில் யாரும் தடை போடவில்லை. கவிழும்போது காக்கும் சட்டத்தை ஜான் டீர் 1966-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் கூலியாள் ஓட்டும் வண்டிக்கு அதைக் கட்டாயமாக்கிய விதி 1976 அக்டோபருக்குப் பின் தயாரானவற்றுக்குத்தான். அதற்குள் நேரோ ஃப்ரண்ட் கேட்பாரே குறைந்துவிட்டார்கள்.

சோளக்கொல்லை

சோதித்தேன். இடது சக்கரம் தனியாக ஆடுகிறது, பேரிங் உருளையில் குழி. இரண்டும் சேர்ந்து ஆடுவதும் கொஞ்சம் இருக்கிறது. ஸ்டியரிங் ஷாஃப்ட் கடைசி வரை சரியாகத் திரும்புகிறது, அதற்குப் பிறகுதான் ஆட்டம். வார்ம் கியர்தான் போல. வைட் ஃப்ரண்ட் வாங்குவது என்று முடிவு. கடையில் எதைப் பார்த்து வாங்குவது?

கிரீஸ்கன்

வைட் ஃப்ரண்ட் போட்டாலும் அதே வார்ம் பெட்டியும் அதே செங்குத்து ஷாஃப்ட்டும்தான் திருப்பும். அவற்றை முதலில் சரிசெய்யாமல் அச்சை மட்டும் மாற்றினால் இதே ஆட்டம் புது இடத்தில் வரும்.

கடையில்: அச்சின் நடு ஆணி (பின்), அதன் புஷ். அந்த ஆணியில் படி விழுந்திருந்தால் கடைசலுக்குக் கொடுக்கணும். இரண்டு முனைக் கிங்பின் (சக்கரம் திரும்பும் ஆணி) புஷ், டை ராட் (சக்கரத்தைத் திருப்பும் கம்பி) எண்ட் நாலும். அச்சிலிருந்து பின்னோக்கி கிளட்ச் ஹவுசிங் வரை வரும் தாங்கு கம்பி கட்டாயம் கூட வரணும். அதன் உருண்டை முனையும் கிண்ணமும் சேர்த்து வாங்குங்க. இது இல்லாமல் விற்பார்கள். அது இல்லாவிட்டால் பள்ளத்தில் இடிக்கும்போது முழு அடியையும் முன் போல்ஸ்டர் வாங்கி வெடிக்கும். ஸ்டாப்பர் காதுகள் உடைந்து வெல்டு வைத்திருந்தால் விட்டுவிடுங்க. லோடருக்காகத்தானே வாங்குறீங்க, உங்களுக்கு வேண்டியதே அந்தக் காதுதான்.

மாட்டும்போது ஒன்று கவனம். நேரோவில் முன்பக்கத்தைத் தூக்கினால் வண்டி நேராக நிற்கும். வைட் ஃப்ரண்ட் மாட்டிய பிறகு தூக்கினால் அச்சு பின்னில் ஊசலாடும். இரண்டு பக்கமும் அச்சுக்கும் ரெயிலுக்கும் நடுவே மர ஆப்பு வைத்துவிட்டு வேலை பாருங்க. முன்சக்கர இடைவெளியைப் பின்சக்கரத்தோடு ஒத்து வைங்க. டோ-இன் ஹப் உயரத்தில் அளந்து, பின்னால் உள்ளதைவிட முன்னால் கால் அங்குலத்துக்குள் குறைவாக வைத்தால் போதும்.

முக்கோணம்

லோடர் பற்றி இரண்டு சேர்த்துக்கிறேன். எம் வண்டியின் வயிற்றில் இருக்கும் ஹைட்ராலிக் பம்ப் கிளட்ச்சை மிதித்தால் நின்றுவிடும். லோடர் பாதியில் நிற்கும். கிராங்க் ஷாஃப்ட் முன்முனையில் தனி பம்ப் போடணும். அதற்கும் வைட் ஃப்ரண்ட்டுக்கும் லோடர் சட்டத்துக்கும் இடம் ஒத்துவருதா என்று முதலில் அளந்து பாருங்க. நேரோவுக்கென்று செய்த சில லோடர் சட்டம், அச்சு சாயும்போது டயரில் இடிக்கும்.

பின் எடை: டயரில் கால்சியம் குளோரைடு கரைசல், ஒரு கேலன் சுமார் 11 பவுண்டு, 13.6-38 டயருக்கு ஒரு பக்கத்துக்கு 50 கேலனுக்கு மேல் கொள்ளும். டியூப் ஒழுகினால் ரிம்மைத் தின்னும். அதற்குப் பயந்தால் சுகர் பீட் சாறு, விலை கூடுதல். கூடவே சக்கரத்தில் இரும்பு எடை.

5 அடிக்கு 6 அடிக் கட்டு 1,300 பவுண்டைத் தாண்டும். வைட் ஃப்ரண்ட் போட்டாலும் இந்த வண்டி முன்னால் அதைத் தூக்க வேண்டாம். பின்னால் கட்டைக் குத்தித் தூக்கும் ஈட்டி மாட்ட எம்-க்கு மூன்று-புள்ளி இணைப்பு வெளியில் கிடைக்கும். பனி தள்ள, உரம் அள்ள லோடர் தாராளம். தூக்கிய பாரத்தோடு நகரும்போது பக்கெட் முழங்கால் உயரத்துக்கு மேல் வேண்டாம்.

சோளக்கொல்லை

அப்படியானால் கட்டு பின்னால், லோடர் பனிக்கும் உரத்துக்கும் மட்டும். கழற்றிய நேரோ ஃப்ரண்ட்டைத் தூக்கிப் போடவா?

பச்சைமஞ்சள்

போடாதீங்க. சீல் மாற்றி, எண்ணெய் தடவி, நட்டு போல்ட்டை எல்லாம் ஒரு டப்பாவில் கட்டி ஓரமாக வைங்க. எம் வண்டிக்கு ஏற்றும் 2-எம்-இ சோளப் பறிப்பானை வைத்திருப்பவர்களுக்கு அது இல்லாமல் வேலை நடக்காது, வண்டியை விற்கும் நாளில் வாங்குபவர் கேட்கும் முதல் கேள்வியும் பெரும்பாலும் அதுதான்.