இலங்கை மலையகத்துல மாடு, மரக்கறி செய்ற ஆட்களோட உங்களுக்கு நடந்தத சொல்லுங்க

கந்தப்பொலகாரன்:
நானே தொடங்குறேன். பட்டிப்பொல ஸ்டேஷனுக்கு மேல, வீட்டுக்கு வீடு மாடு, மிச்ச இடமெல்லாம் லீக்ஸ் கேரட்டு, எந்த மாதிரி ஊருன்னு ஒங்களுக்கே தெரியும். மச்சானுக்கு கறவ மாடு வாங்கப் போனோம். வெல பேசி சல்லியும் குடுத்தாச்சு, லொறில ஏத்தப் போறப்ப மாட்ட வித்த வீட்டு பாட்டி வந்து மாட்டு கழுத்துல இருந்த கயித்த அவுத்து கையில சுத்திக்கிட்டாங்க. "மாடு ஒங்களுது தம்பி, கயிறு எங்க பட்டியோடது." அவுத்து விட்டும் மாடு எங்கயும் போகல, அவங்க சேலைய மோந்துக்கிட்டே நிக்குது. கடைசில டிரைவரண்ணே படங்கு கட்டுற நைலோன் கயித்த கழட்டி குடுத்தாரு. கறவ நல்லா இருக்கு, கொற சொல்ல ஒன்னுமில்ல, ஆனா அது நின்ன நெலதான் மனசவிட்டு போகமாட்டேங்குது.

ராகலை தம்பி:
கயிறு குடுக்காதது எல்லா எடத்துலயும் உள்ளதுதானே, இதுக்கு ஏன் பீலிங்கு. கஷ்டம்னா உருளக்கெழங்கு போட்டுப் பாருங்க. போன தை மாசம் பூம்பனி, எல மேல ஒறைஞ்சு போற பனி, விடிய முன்னாடி வீட்டு ஆட்கள் எல்லாரும் பைப்ப புடிச்சிக்கிட்டு எலைக்கு தண்ணி அடிக்கிறோம், வெயில் படுறதுக்குள்ள பனிய கழுவியாகணும்ல. கீழ பாத்திக்கு தண்ணி எட்டல. மத்தியானம் பாத்தா எல எல்லாம் அவிச்ச கீர மாதிரி கருத்து தொங்குது. எங்கப்பா ஒன்னுமே பேசல, மம்பட்டிய கழுவி வச்சிட்டு டீ கேட்டாரு.

லயத்துக்காரி:
தம்பி, பீலிங்க ஏன் நக்கலடிக்கிறீங்க? லயத்துல, தோட்டத்து லைன் வீட்டுல இருக்கவங்களுக்கு காணி சொந்தமில்ல, மாட்டு கொட்டகைக்கே தோட்டத்து தொர கிட்ட கேக்கணும், சொந்தம்னா அந்த மாடு ஒன்னுதான். பேர் சம்பளம், அதான் தோட்டத்து நாள் கூலி, புடிக்கிற சல்லியெல்லாம் கழிஞ்சு வரும், பால் சல்லி மட்டுந்தான் அம்மா கைக்கு முழுசா வரும். அதுலயும் ஒருநாள் பால் எடுக்கிற எடத்துல தண்ணி கலந்திருக்குன்னு எல்லாருக்கும் முன்னாடி கேன திருப்பி அனுப்பிட்டாங்க. அம்மா அத அப்பிடியே தூக்கிட்டு ஏறி வந்து கன்னுக்கு ஊத்துனாங்க.

பால் ஊத்துறவங்க இதயும் கேட்டுக்கோங்க. கறந்த சூட்டோட லாக்டோமீட்டர், பால்ல தண்ணி இருக்கான்னு பாக்குற கருவி, போட்டா ரீடிங் கொறச்சு தான் காட்டும், ஆறவிட்டு பாக்க சொல்லுங்க. கடைசியா வர்ற பால்லதான் கொழுப்பு கூட, அத மடியில விட்டுட்டு எந்திரிக்காதீங்க, மடி நோயும் வரும். காலைல பால் கூட வரும், கொழுப்பு கொறையும், அந்திப் பால் அதுக்கு நேர்மாறு. பிரீசியன் ஜாதி மாட்டு பால்ல ஜெர்சி மாட்டு அளவு கொழுப்பு வராது, அதுக்காக சண்ட போட்டு பிரயோசனமில்ல. கறவ மாட்டுக்கு வெறும் கோத்தமால புல்ல மட்டும் போட்டா பத்தாது, புண்ணாக்கும் வைங்க. தண்ணி எப்பவும் முன்னாடி இருக்கணும், கூதலுக்கு குடிக்காதுன்னு நெனைக்காதீங்க. முக்கியமா பால் கணக்கு எழுதிக் குடுக்கிற சிட்டைய தூக்கி போட்டுறாதீங்க.

ராகலை தம்பி:
அக்கா நாங்க அனுபவம் கேட்டா நீங்க கிளாஸ் எடுக்கிறீங்க. சரி சரி, நக்கலடிச்சது நான்தான்.

மலைக்காத்து:
2021ல அரசாங்கம் ரசாயன உரத்த தடை பண்ணது யாருக்கும் ஞாபகம் இல்லயா? அதுவரைக்கும் எங்க லயத்து பக்கம் வந்தா மூக்க பொத்திக்கிட்டு போற ஒரு மரக்கறி முதலாளி, யூரியா இல்லன்னதும் எங்க பாட்டி கிட்ட "அம்மா, சாணி இருக்குங்களா"ன்னு வந்து நின்னாரு. பாட்டி உள்ள கூப்புடவே இல்ல, எருக்குழி பக்கத்துலயே நிக்க வச்சு வெல பேசுச்சு. நவம்பர்ல தடைய எடுத்தாங்க, மறுபடி ஆள காணோம்.

கந்தப்பொலகாரன்:
பாட்டி கெட்டிக்காரி. இப்ப ஒங்க பக்கம் எரு மூட்ட என்ன வெல போகுது? மச்சான் கேக்குறான்.